புன்னை நிழல் முதல் காபி ஷாப் வரை

ஒரு சின்னக் கேள்வி. ராமநாதபுரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, காபி குடித்து, நிம்மதியாகப் பேச வேண்டும் என்றால் எங்கே போவார்கள்? அவர்கள் காதலர்களாக இருக்கலாம். காதலிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களாகவும் இருக்கலாம்.

சென்னைக்காரர்களுக்கு இது சுலபமான கேள்வி. விலை எப்படி, ஏசி உண்டா, வண்டி நிறுத்த இடம் இருக்கா என்று பார்த்து முடிவு செய்துவிடுவார்கள். எங்கள் பக்கம் அப்படி இல்லை. முதலில் வரும் கேள்வி, "அங்கே நம்மை யார் பார்ப்பார்கள்?" என்பதுதான். காபி நன்றாக இருக்குமா என்பதெல்லாம் அப்புறம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? ஓர் ஆணும் பெண்ணும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்போதிலிருந்து சாத்தியமானது? இதைத் தேடிப் போனால் அது நேராக நம்ம சேதுக்கரையின் சரித்திரத்துக்குள் போகிறது. வாங்க, பார்க்கலாம்.

காதலர் சந்திக்கும் இடத்துக்கு இலக்கணம்

"டேட்டிங் எல்லாம் மேல்நாட்டுச் சமாச்சாரம்" என்று சொல்பவர்கள் கொஞ்சம் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். காதலர் சந்திக்கும் இடத்துக்குத் தமிழில் தனிச் சொல்லே இருக்கிறது. குறி, அல்லது குறியிடம். பகலில் சந்தித்தால் பகற்குறி, இரவில் சந்தித்தால் இரவுக்குறி. இடத்தைக் குறித்துச் சொல்வது பெரும்பாலும் தோழியின் வேலை. வேறு ஏதோ சத்தத்தைக் காதலன் வந்த அடையாளம் என்று நினைத்து வந்து, ஆள் இல்லாமல் திரும்பிப் போவதற்குக்கூட ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அல்லகுறி. (போன் இல்லாத காலத்தின் கஷ்டம்!)

இன்னும் சுவாரசியம், இடத்தைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லும் விதி. இரவில் சந்திப்பது வீட்டு எல்லைக்குள், ஆனால் வீட்டுக்குள் நுழையாமல், வீட்டார் பேசுவது காதில் விழும் தூரத்தில் இருக்க வேண்டும். பகலில் என்றால் வெளியே, ஆனால் அந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடமாக இருக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த இடமாக அல்ல, அவளுக்கு! இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடியும் தேவைப்படும்.

நம்ம கடற்கரை சங்க இலக்கியக் கணக்கில் நெய்தல் நிலம். நெய்தல் காதலர் சந்திக்கும் இடங்களில் முக்கியமானது புன்னை மர நிழல். நற்றிணையின் 172-ஆம் பாட்டில் ஒரு புன்னை மரம் வருகிறது. பெண்கள் சின்ன வயதில் மணலில் புன்னை விதையை ஒளித்து விளையாடி மறந்துவிடுகிறார்கள். அது முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மா அந்த மரத்தைக் காட்டி, இது உங்கள் கூடப்பிறந்தவள், உங்களைவிடச் சிறந்தவள் என்கிறாள். அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேசக் கூச்சமாக இருக்கிறது, வேறு நிழல்களும் இருக்கின்றனவே என்று காதலனிடம் சொல்கிறார்கள். உண்மையில் அது 'சீக்கிரம் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்' என்பதற்கான மறைமுகக் குறிப்பு என்று துறை சொல்கிறது. ஆனாலும் மேலோட்டமாகப் படித்தால் விஷயம் ஒன்றுதான். தங்கை பார்க்கிறாள், வேறு இடம் போகலாம்! இன்றைக்கு ராமநாதபுரம் பேக்கரி வாசலில் நின்று "இங்கே வேண்டாம், சித்தப்பா கடை எதிரில் இருக்கு" என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சங்கக் காதலர்கள் மரத்தடியில் சந்தித்தார்கள். சாப்பாட்டு இடத்தில் இல்லை. ஏனென்றால் வெளியே காசு கொடுத்து உட்கார்ந்து சாப்பிடும் இடம் என்பது நம்மிடையே பரவலானது ரொம்பப் பிற்காலத்தில்தான். அதற்கு முன்னால் நம்ம பக்கம் இருந்தவை சத்திரங்கள்.

சேது ரோட்டுச் சத்திரங்கள்

ராமேஸ்வர யாத்திரை போகிறவர்களுக்காகச் சேதுபதி மன்னர்களும் தஞ்சை மராட்டிய மன்னர்களும் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் ஒரு காதல் கதையே இருக்கிறது. தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் ஒரத்தநாட்டில் இருக்கும் முக்தாம்பாள் சத்திரம், இரண்டாம் சரபோஜி மன்னர் தன் அன்புக்குரிய முக்தாம்பாளின் பெயரில் 1802-ல் ஏற்படுத்தியது. ஷாஜகான் மும்தாஜுக்குக் கல்லறை கட்டினார், சரபோஜி முக்தாம்பாளுக்குச் சாப்பாட்டு இடம் கட்டினார். வழிப்போக்கர்களுக்கு எது உபயோகம் என்று நீங்களே சொல்லுங்கள்!

தஞ்சை சத்திரங்களில் சாதி பார்க்காமல் எல்லா யாத்ரீகர்களுக்கும் சோறு போடப்படுகிறது என்று சரபோஜி 1801-ல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று சொல்கிறது. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் சாமான்களும் கொடுத்துவிடுவார்களாம். இது பெரிய தர்மம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்ற கேள்வி இருந்ததால்தானே அரிசியாகக் கொடுக்க வேண்டி வந்தது? சோறு எல்லாருக்கும் உண்டு, சேர்ந்து சாப்பிடுவது என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசம் அடுத்த நூற்றைம்பது வருஷம் நம்மைத் துரத்தியது.

ரயில் வந்தது

1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்தார்கள். அதுவரை படகில் கடந்த கடலை ரயில் கடந்தது. சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. இதுதான் புகழ்பெற்ற போட் மெயில்.

ரயில் என்ன செய்தது? முன்பின் தெரியாதவர்களை ஒரே பெட்டியில் உட்கார வைத்தது. பசித்தால் ஒரே ஸ்டேஷனில் இறங்க வைத்தது. ஆனால் ஸ்டேஷனில் சாப்பிடப் போனால் அங்கே பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். ஒரே இன்ஜின் இழுத்து வந்த ஜனங்கள், ஒரே சாம்பாரைத் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். நீதிக்கட்சியும் பெரியாரும் தொடர்ந்து எதிர்த்த பிறகு, 1941-ல்தான் ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இந்தப் பிரிவு எடுக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு ரயில் வந்து அப்போது இருபத்தேழு வருஷம் ஆகியிருந்தது.

ஊருக்குள் இருந்த காபி கிளப்புகளிலும் ஹோட்டல்களிலும் நிலைமை இதேதான். "பிராமணாள் காபி ஹோட்டல்" என்ற போர்டு அன்றைக்குச் சாதாரணம். காபி தமிழர் வாழ்க்கையில் நுழைந்த கதையை ஆ.இரா.வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் அருமையாக எழுதியிருக்கிறார். கிடைத்தால் கட்டாயம் படியுங்கள்.

ராமேஸ்வரத்தில் ஒரு சமையலறை

சேர்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்கு நம்ம ஊரிலேயே எல்லாருக்கும் தெரிந்த சாட்சி ஒருவர் இருக்கிறார். அப்துல் கலாம். 1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்த அவர், 'அக்னிச் சிறகுகள்' நூலில் தன் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றிச் சொல்கிறார். ஆசிரியர் ஆசாரமான குடும்பத்துக்காரர், ஆனால் சாதி மதச் சுவர்களை உடைக்க வேண்டும் என்று நினைப்பவர். ஒரு நாள் மாணவன் கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். ஒரு முஸ்லிம் பையன் தன் மடிச் சமையலறையில் சாப்பிடுவதா என்று மனைவி அதிர்ந்துபோய், பரிமாற மறுத்துவிடுகிறார். ஆசிரியர் கோபப்படவில்லை. தானே பரிமாறி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். போகும்போது ஆசிரியர், அடுத்த வாரமும் வா என்கிறார். பையன் தயங்குகிறான். ஒரு முறையை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால் இதையெல்லாம் எதிர்கொள்ளத்தான் வேண்டும் என்று அவர் தைரியம் சொல்கிறார். அடுத்த வாரம் அந்த அம்மாவே சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தன் கையால் பரிமாறுகிறார்.

ராமேஸ்வரத்தில் கோயிலும் பள்ளிவாசலும் பக்கம் பக்கமாக இருந்த தெருக்களிலேயே ஒரு பையன் ஒரு வீட்டில் சாப்பிட இவ்வளவு தேவைப்பட்டது. அப்படியென்றால் அதே தெருவில் வேறு வேறு வீட்டைச் சேர்ந்த ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து சாப்பிட என்னவெல்லாம் தேவைப்பட்டிருக்கும்?

பந்தியும் சம்பந்தமும்

சாதி இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருந்தது. ஒன்று பந்தி. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம். இன்னொன்று சம்பந்தம். யார் வீட்டில் பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். தமிழ்நாட்டில் முதல் பூட்டின் மேல் விழுந்த பெரிய அடிகளில் ஒன்று சேரன்மாதேவி குருகுல விவகாரம். வ.வே.சு.ஐயர் நடத்திய அந்தக் குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிச் சாப்பாடு என்பது வெளியே தெரிந்து, 1924-25-ல் பெரிய புயலே அடித்தது. அதன்பின் சுயமரியாதை இயக்கம் சமபந்தியையும் கலப்பு மணத்தையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது.

அம்பேத்கர் 1936-ல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். சேர்ந்து சாப்பிடுவதால் மட்டும் சாதி போய்விடாது, கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்பது அவர் வாதம். லாகூரில் அவரைப் பேச அழைத்தவர்களே பயந்துபோய்க் கூட்டத்தை ரத்து செய்துவிட, அவர் அதைத் தன் செலவில் புத்தகமாகப் போட்டார்.

இதை வைத்து யோசித்தால், ஒரு காபிக்கடை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் ஜோடியைப் பார்த்து ஊர் ஏன் பதறுகிறது என்று புரியும். பந்தி, சம்பந்தம் என்ற இரண்டு பூட்டிலும் அவர்கள் ஒரே நேரத்தில் கை வைக்கிறார்கள்!

சட்டம் தன் பங்குக்கு வேலை செய்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் போவதற்குச் சாதி, மதம், பால் போன்ற காரணங்களால் யாரையும் தடுக்கக்கூடாது என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 'பால்' என்ற சொல்லும் அதில் இருக்கிறது, கவனியுங்கள். 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, ஹோட்டலில் தீண்டாமை பார்ப்பது தண்டனைக்குரிய குற்றமானது.

சட்டம் வந்த உடனே எல்லாம் மாறிவிட்டதா? 1957-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற ஹோட்டலின் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் தினமும் போய்க் கைதானார்கள். அடுத்த வருஷம்தான் அந்தச் சொல் இறங்கியது. அதே 1957-ல் செப்டம்பர் 11 அன்று, நம்ம மாவட்டத்தின் பரமக்குடியில், தீண்டாமைக்கு எதிராகப் போராடிய இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் பற்றி எரிந்தது. கிராமத்து டீக்கடைகளில் சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குத் தனி டம்ளர் என்ற இரட்டைக் குவளை முறை அதற்கப்புறமும் பல ஊர்களில் பல வருஷம் தொடர்ந்தது. நாம் இன்றைக்கு யோசிக்காமல் இழுத்துப் போட்டு உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் இவ்வளவு ரத்தமும் இருக்கிறது.

பேமிலி ரூம்

இதுவரை சொன்ன கதையில் பெண்களைக் காணோமே என்று கேட்கிறீர்களா? சரியான கேள்வி. பழைய காபி கிளப் முழுக்க ஆண்கள் இடம். வீட்டுப் பெண்கள் ஹோட்டலுக்குப் போய் உட்கார்வது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார்கள். வேண்டுமென்றால் பையனிடம் தூக்குவாளி கொடுத்து வாங்கி வரச் சொல்வார்கள்.

இதற்கு ஹோட்டல்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் பேமிலி ரூம். ஹாலின் ஓரத்தில் தட்டி வைத்துத் தடுத்து, திரையோ பாதிக் கதவோ போட்டு, "குடும்பத்தினருக்கு மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். பெண்கள் அந்நியர் கண்ணில் படாமல் சாப்பிடுவதற்காக வந்த ஏற்பாடு. ஆனால் திரை என்று ஒன்று இருந்தால் அதைக் காதலர்கள் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? பெண்ணை மறைக்கக் கட்டிய தட்டியே அவள் விரும்பியவனோடு பேச இடம் கொடுத்துவிட்டது. சினிமாவிலும் கதைகளிலும் எத்தனை காதல் அந்தத் திரைக்குப் பின்னால் வளர்ந்திருக்கிறது! என்ன ஒன்று, வெளியே வரும்போது ஹால் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

மறைவு இல்லாமலே உட்காரலாம் என்று காட்டிய இடம் ஒன்று சென்னையில் இருந்தது. உடுப்பி கிருஷ்ணா ராவ் 1962-ல் கதீட்ரல் சாலையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். மரநிழலில் காரிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம், உள்ளேயும் உட்காரலாம். ஒரு காபியை வைத்துக்கொண்டு மாணவர்களும் எழுத்தாளர்களும் காதலர்களும் மணிக்கணக்கில் இருந்தார்கள். 2008-ல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா. புன்னை நிழலுக்கு நகரத்தில் கிடைத்த வாரிசு அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

1996-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் கஃபே காபி டே தொடங்கிய பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. அங்கே விற்றது காபி மட்டுமல்ல, உட்காரும் நேரமும்தான். நம்ம மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தால் இலையை எடுத்துவிட்டு "அடுத்த ஆள்" என்பார்கள். காபி ஷாப்பில் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். விலை ஏன் அவ்வளவு என்று கேட்டால், அந்த நாற்காலியின் வாடகையும் சேர்த்துத்தான்.

இன்றைய கரை

இப்போது நம்ம கரைக்குத் திரும்புவோம். தனுஷ்கோடியில் ஒரு காலத்தில் ரயில் நிலையம், துறைமுகம், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையும், ஊருக்குள் வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்தவர்களோடு கொண்டுபோய்விட்டது. 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் வந்தது. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறந்தாகிவிட்டது. ரோடு வந்த பிறகு தனுஷ்கோடிக்கு பைக்கில் வரும் ஜோடிகள் கூடிவிட்டார்கள். மீனவக் குடும்பங்கள் ஓலைக் கொட்டகையில் மீன் பொரித்துக் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் கடல், யார் யாரென்று தெரியாத சுற்றுலாக் கூட்டம். ஆனால் பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும். உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரையும் அப்படித்தான். அழகான இடம், ஆனால் கூட்டம் இல்லாத நாளில் தனிமை அதிகம்.

அப்புறம் கோயில். தமிழ்நாட்டில் காசில்லாத காதலர்களுக்குக் கோயில் பிரகாரம்தான் பழைய காபி ஷாப். யாரும் தடுக்க மாட்டார்கள், வீட்டிலும் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. ஆனால் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் என்ன நடந்தது? தன் கல்லூரித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஒரு தலித் பொறியியல் பட்டதாரியை ஒரு சாதிக் கும்பல் அங்கிருந்து கடத்திப்போய்க் கொன்றது. அந்தப் பெண் வேறு சாதி என்பதுதான் காரணம். கோயில் கேமராவில் பதிவான காட்சிகள் வழக்கில் முக்கியச் சாட்சியாயின. 2022-ல் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆணும் பெண்ணும் சரிபாதியாக நிற்கும் சாமியின் வாசலில் ஓர் ஆணும் பெண்ணும் பேசியதற்கு இந்த விலை.

ஆகவேதான் 'எங்கே சந்திப்பது' என்பதை விளையாட்டுக் கேள்வியாக நினைக்க முடியவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு பெண் "அந்தக் கடை வேண்டாம்" என்று சொன்னால் அவளுக்கு அந்தக் கடையின் காபி பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நூறு வருஷக் கணக்கு ஒன்றை அவள் மனதில் போட்டுப் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

இவ்வளவு சரித்திரத்தையும் படித்தபின் எனக்குத் தெரியும் பதில்கள் கொஞ்சம்தான்.

முதலாவது தொல்காப்பியம் சொன்னது. இடம் அவளுக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பையன்கள் "சர்ப்ரைஸ்" என்ற பெயரில் தெரியாத இடத்துக்குக் கூட்டிப்போவதை விட்டுவிடலாம். அவள் சொல்லும் கடையில் தோசை சுமாராக இருந்தாலும் அதுதான் நல்ல ஹோட்டல்.

இரண்டாவதும் அவர் சொன்னதுதான். நாலு பேர் பேச்சு காதில் விழும் தூரம். யாருமில்லாத கடற்கரையைவிட, குடும்பங்கள் வந்து போகும் ஹோட்டலின் நடு மேஜை பாதுகாப்பு. திரைக்குப் பின்னால் தேடாதீர்கள்.

மூன்றாவது, திரும்பிப் போகும் பஸ். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரியாமல் இடம் குறிக்காதீர்கள். பில் தொகையையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், பாதிப் பாதி என்றால் இருவருக்கும் நிம்மதி.

நான்காவது நமக்கு, அதாவது பக்கத்து மேஜைக்காரர்களுக்கு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் விருந்துகளில் சகன் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் யார், எந்தத் தெரு என்று தட்டு கேட்பதில்லை. அடுத்த தடவை ஹோட்டலில் ஒரு ஜோடி உள்ளே வந்து உட்கார்ந்தால், திரும்பிப் பார்க்காமல் நம்ம தட்டைப் பார்த்துச் சாப்பிடுவோம். போன் எடுத்து அவர்கள் வீட்டுக்குச் சொல்லாமல் இருப்போம். போட்டோ எடுக்காமல் இருப்போம். சிவசுப்பிரமணிய ஐயர் அளவுக்குப் பெரிய காரியம் செய்ய நம்மால் முடியுமோ என்னவோ, இது முடியும்.

உங்கள் ஊரில் எங்கே சந்திக்கிறார்கள்? பெயர் சொல்ல வேண்டாம், அப்புறம் அங்கேயும் சித்தப்பா வந்துவிடுவார் :-)